கத்தோலிக்கப் பள்ளி ஒன்றாம் வகுப்புக்கான குளிர்காலச் செயல்பாட்டுத் தொகுப்பு: ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பின்

கத்தோலிக்கப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புக்கென்றே தயாரிக்கப்பட்டது என்ற அறிவிப்போடு விற்கப்படும் குளிர்காலச் செயல்பாட்டுத் தொகுப்பு ஒன்றை, கிறிஸ்மஸுக்குத் தயாராகும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை என் வகுப்பில் பயன்படுத்தினேன். பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ள வேண்டிய 60க்கும் மேற்பட்ட தாள்கள், வெட்டி ஒட்டும் உருவங்கள், ஆசிரியருக்கான சிறு கையேடு ஆகியவை அதில் உள்ளன. படங்கள் தெளிவாக இருக்கின்றன. எழுத்துகள் ஆறு வயதுக் கண்களுக்கு ஏற்ற பெரிய அளவில் உள்ளன. வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால், தாள்கள் வந்த வரிசையிலேயே நடத்தினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தயாரித்தவர்கள் பனியை ஒரு கட்டாகவும் பக்தியை வேறொரு கட்டாகவும் பிரித்து வைத்துவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாக்கும் வேலை ஆசிரியர் தலையில் விழுகிறது.

முதல் செயல்பாடு காகிதச் சங்கிலி. நாளுக்கு ஒரு வளையமாகக் கிழித்துக்கொண்டே வந்தால் கடைசி வளையம் கிறிஸ்மஸுக்கு முந்தைய நாளில் முடியும். எண்ணிக்கையைப் பின்னோக்கிச் சொல்லிப் பழகவும், காத்திருப்பதைக் கையால் தொட்டு உணரவும் இதைவிட எளிய வழி இல்லை. குறை என்னவென்றால், தொகுப்பில் 24 வளையங்களே அச்சிடப்பட்டுள்ளன. டிசம்பர் 1ஆம் நாளன்று தொடங்கும், கடைகளில் விற்கும் நாட்காட்டியின் கணக்கு அது. திருவருகைக் காலமோ நவம்பர் 30ஆம் நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவதால் அதன் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2022இல் 28 நாள்கள் இருந்தன, 2023இல் 22 நாள்களே இருந்தன. நான் பயன்படுத்திய 2025இல் அது நவம்பர் 30 அன்று தொடங்கியதால் 25 வளையங்கள் தேவைப்பட்டன. ஒரு வளையம் கூடுதலாக ஒட்டுவது பெரிய வேலை இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும், கத்தோலிக்கப் பள்ளிக்கென்று விற்பவர்கள் வழிபாட்டு நாட்காட்டியைத் திறந்தே பார்க்கவில்லையோ என்ற ஐயம் எனக்கு அந்த முதல் தாளிலேயே வந்துவிட்டது.

திருவருகைக் காலத்தில் ஞாயிற்றுக்கு ஒன்றாக நான்கு திரிகள் ஏற்றும் மலர்வளையத்துக்கான தாளில் அந்த ஐயம் உறுதியானது. மூன்று ஊதா மெழுகுதிரிகள், ஒரு ரோஸ் நிற மெழுகுதிரி என்ற கணக்கு சரியாகவே உள்ளது. ஆனால் எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டும் அந்தப் படத்தில் ரோஸ் நிறத்தை நான்காம் திரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது மகிழ்ச்சி ஞாயிறு என்று அழைக்கப்படும் மூன்றாம் ஞாயிற்றுக்குரியது. அந்த நாளில் குருவானவரும் அதே நிறத் திருவுடை அணியலாம் என்பதால், கோவிலில் பார்ப்பதையும் வகுப்பில் தீட்டுவதையும் குழந்தைகள் தாங்களாகவே ஒப்பிட்டுவிடுவார்கள். நான் எண்களை வெள்ளை மையால் மறைத்து, திருத்தி எழுதிய பிறகே படியெடுத்தேன். வகுப்பறையில் உண்மையான திரிக்குப் பதிலாக மின்கல விளக்குகளைப் பயன்படுத்துமாறு கையேடு சொல்வது நல்ல அறிவுரை.

புனித நிக்கோலாஸ் தாளைப் பாராட்டியே ஆக வேண்டும். டிசம்பர் 6ஆம் நாளுக்குரிய அந்தத் தாளில் அவர் மீரா நகரத்து ஆயராக, தலைப்பாகையும் செங்கோலும் கொண்டு நிற்கிறார்; சிவப்புச் சட்டைக்காரத் தாத்தாவாக அவரை மாற்றும் சோம்பேறித்தனம் இல்லை. அமல உற்பவ அன்னைக்கான (பாவக்கறையின்றி உருவான மரியாவுக்கான) தாள் வெறும் வண்ணம் தீட்டல்; ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

வைக்கோல் செயல்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நற்செயல் செய்த குழந்தை காலியான தீவனத்தொட்டியில் ஒரு வைக்கோல் துண்டை இட்டு, பிறக்கப்போகும் பாலன் இயேசுவுக்கு மெத்தை அமைப்பது பழைய, அழகான பழக்கம். தொகுப்பு இதனுடன் ஒரு பெயர்ப் பட்டியலையும் சேர்த்து, யார் எத்தனை துண்டு இட்டார்கள் என்று நட்சத்திரம் ஒட்டச் சொல்கிறது. இரண்டு நாள்கள் அப்படியே செய்து பார்த்தேன். மூன்றாம் நாள், கீழே விழாத பென்சிலை எடுத்துக் கொடுக்க இரண்டு பேர் போட்டியிட்டார்கள். பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்று போதித்தவரின் தொட்டிக்கு மதிப்பெண் பட்டியல் எதற்கு? அதன் பின் யாரும் பார்க்காதபோது துண்டை இடுவது என்று விதியை மாற்றினோம். தொட்டி மெதுவாகத்தான் நிறைந்தது.

பனி பற்றிய தாள்களில் அறிவியல் தாள்களே சிறந்தவை. இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றின்மீது மட்டும் உப்பைத் தூவி, எது முதலில் உருகும் என்று ஊகித்து வரையச் சொல்லும் தாள், வகுப்பை அரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தது. உப்பு கலந்த நீரின் உறைநிலை தாழ்ந்துவிடுவதால் அந்தக் கட்டி முந்திக்கொள்கிறது. பொழிந்த பனியைக் குவளையில் அள்ளி உருகவிட்டு எவ்வளவு நீராகிறது என்று அளக்கும் செயல்பாடும் நன்று. புதுப்பனி பத்துக் குவளைக்கு ஏறத்தாழ ஒரு குவளை நீர்தான் தேறும் என்பதைப் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. பனித்துகள் வெட்டும் தாள்தான் கோளாறானது. சதுரத்தை மும்முறை பாதியாக மடித்து வெட்டச் சொல்வதால் எட்டு முனைகள் வருகின்றன. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவதால் இயற்கைப் பனித்துகளுக்கு ஆறு முனைகளே உண்டு. வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் தொடங்கி 5,000க்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படம் பிடித்தார். அவற்றில் ஒன்றைக் காட்டியதுமே என் வகுப்பில் ஒருவன் தன் தாளின் முனைகளை எண்ணிப் பார்த்து, தவறு என்றான். மூன்றாக மடிப்பது ஆறு வயது விரல்களுக்கு எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மடிப்புக் கோடுகளை முன்கூட்டியே அச்சிட்டுத் தந்திருக்கலாமே.

தொகுப்பின் மிகப் பெரிய குறை நாட்காட்டி தொடர்பானது. பிள்ளைகள் கிறிஸ்மஸுக்குச் சில நாள்கள் முன்னரே விடுமுறையில் போய்விடுகிறார்கள். ஆகவே தொட்டியில் பாலனை வைக்கும் நாளில் வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது. தொகுப்பு இதைக் கண்டுகொள்ளவே இல்லை. பாலன் முதல் வாரத் தாளிலேயே தொட்டியில் படுத்திருக்கிறார். ஜனவரி தொடங்கியதும் குடில் மறைந்து, பனிமனிதர்களும் கையுறை ஜோடிகளும் பென்குயின்களும் மட்டுமே வருகின்றன. உண்மையில் கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. 2026இல் அது ஜனவரி 11. ஆகவே பாலனை மேசை இழுப்பறையில் வைத்திருந்து, பள்ளி மீண்டும் திறந்த காலையில் தொட்டியில் வைத்தோம். பாலனைக் காண வந்த ஞானிகளின் உருவங்களை விடுமுறைக்கு முன்பே புத்தக அலமாரியிலிருந்து புறப்படச் செய்து, நாளுக்கு ஓர் இருக்கையாக நகர்த்தி, விடுமுறை முடிந்தபின் குடிலில் சேர்த்தோம். ஞானிகள் மூவர் என்று தாள் அழுத்திச் சொல்கிறது. மத்தேயு நற்செய்தி காணிக்கைகள் மூன்றைத்தான் பெயரிடுகிறது, ஆள்களை எண்ணவில்லை.

அந்த ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவுக்குத் தொகுப்பில் இருப்பது காகித மகுடம் ஒன்றே. மந்திரிக்கப்பட்ட, அதாவது ஆசீர்வதிக்கப்பட்ட, சுண்ணக்கட்டியால் கதவு நிலையில் ‘20 + சி + எம் + பி + 26’ என்று எழுதும் வழக்கம் ஒன்றாம் வகுப்புக்கென்றே செய்தது போன்றது: எண், எழுத்து, சிலுவைக் குறி, சுவரில் எழுத அனுமதி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அந்த எழுத்துகளை கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற மரபுப் பெயர்களாகவும், கிறிஸ்து இந்த இல்லத்தை ஆசீர்வதிப்பாராக என்னும் இலத்தீன் மன்றாட்டின் முதலெழுத்துகளாகவும் கொள்வர். இதை விட்டுவிட்டுப் பென்குயினுக்கு நான்கு தாள்கள் ஒதுக்கியிருப்பது எனக்கு விளங்கவில்லை.

இறுதியாக, இந்தத் தொகுப்பிலேயே மிகச் சிறந்த தாள் ஒளி அட்டவணை. வாரத்துக்கு ஒரு முறை சூரியன் எழும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் பார்த்து, பகலின் அளவுக்கு ஏற்பக் கட்டங்களுக்கு மஞ்சள் தீட்ட வேண்டும். வட அரைக்கோளத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் இடங்களில், கட்டங்கள் வாரந்தோறும் குறைந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். வருத்தம் என்னவென்றால், டிசம்பர் மாதத்துக்கான நான்கு நிரல்களோடு அட்டவணை நின்றுவிடுகிறது. பகல் மிகக் குறுகிய டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளுக்குப் பின் ஒளி திரும்பி வளர்வதைக் காட்டாமலே தாள் முடிகிறது. நான் அடியில் இன்னொரு தாளை ஒட்டி, பிப்ரவரி 2 வரை நிரல்களை நீட்டினேன். கிறிஸ்மஸிலிருந்து நாற்பதாம் நாளாகிய அன்று, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவில், கோவிலில் மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படுகின்றன. குழந்தை இயேசுவைக் கோவிலில் கையில் ஏந்திய சிமியோன் அவரை ஒளி என்று அழைத்ததை வாசித்துவிட்டு அட்டவணையைச் சுவரில் மாட்டினோம். கடைசி நிரல் டிசம்பர் நிரல்களைவிட உயர்ந்திருந்தது. மஞ்சள் பென்சில்கள் தீர்ந்துபோய், அதன் மேல்நுனியை ஆரஞ்சில் தீட்டியிருந்தார்கள்.