கட் ஆடுகிறவனின் பிளேடு: ஐந்து வருடம் கழித்து

திருப்பூரில் நான் டேபிள் டென்னிஸ் ஆடும் ஹாலில் பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் டேபிளை ஒட்டி நின்று அடிக்கிறவர்கள். எட்டடி பின்னால் போய் நின்று கட் போடுகிறவன், அதாவது பந்தின் அடியைச் சீவிப் பின்சுழற்சியோடு திருப்புகிறவன், நான் ஒருத்தன்தான். பிளேடு (ரப்பர் ஒட்டாத பேட்டின் மரப்பலகை) வாங்கும்போது யோசனை கேட்க ஆளே இல்லை. "டிஃபென்ஸ் ஆடறவங்களுக்கு மெதுவான பிளேடுதானுங்க தோதுப்படும்" என்று கடையில் சொன்னதை நம்பி, இருந்ததிலேயே மெதுவானதை வாங்கினேன். அதோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிவிட்டு மாறியதுதான் இப்போது கையில் இருக்கும் பட்டர்ஃப்ளை ஜூ சே ஹ்யுக் பிளேடு.

பழைய பிளேடில் கட் போடுவது சுகமாகத்தான் இருந்தது. முன்னோக்கிச் சுழன்று எவ்வளவு வேகமான டாப் ஸ்பின் வந்தாலும் பஞ்சுப் பொதியில் விழுந்த மாதிரி அமுங்கித் திரும்பும். வினை அதற்கப்புறம். எதிராளி சலித்துப்போய், பந்தை மெதுவாகத் தள்ளி ஒரு புஷ் வைப்பார். அதை முன்னால் ஓடிவந்து அடித்து முடிக்க வேண்டும். முழுக் கையை வீசினாலும் பந்து தளர்ந்துபோய் நடு டேபிளில் விழும். "ஏனுங்ணா, லட்டாட்டம் குடுக்கறீங்க" என்று காலேஜ் பையன் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சாத்துவான்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கடைக்காரர் சொன்னது ஒரு காலத்துக்குச் சரி. பந்து 38 மி.மீ. இருந்தபோது கட் போடும்போது ஏறும் சுழற்சியே பாதி வேலையை முடித்துவிடும். 2000இல் பந்து 40 மி.மீ. ஆனது, 2014இல் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சுழற்சி குறைந்தது. இப்போது கட் போடுவதை மட்டும் நம்பினால், எதிராளி தப்புச் செய்வதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். தென்கொரிய ஆட்டக்காரர் ஜூ சே ஹ்யுக் 2003இல் பாரிஸ் உலகப் போட்டியில் இறுதிவரை போய் வெள்ளி வாங்கினாரே, அது வெறும் தடுப்பாட்டத்தால் இல்லை. பின்னால் நின்றபடியே ஃபோர்ஹேண்டில் திருப்பிச் சாத்துவதில் அவர் பேர்போனவர். அவர் பெயரில் வந்த பிளேடிலும் அந்தக் குணம் இருக்கிறது. ஐந்து அடுக்கும் மரம், வேகத்துக்காகச் சேர்க்கிற கார்பன் அடுக்கு கிடையாது. கட் போட்டால் அடங்கும், அடித்தால் போகும். முதல் ஒரு மாதம் என் கட் எல்லாம் டேபிளைத் தாண்டிப் போனது வேறு கதை.

தலைப்பகுதி பெரிது. வழக்கமான பிளேடு 157க்கு 150 மி.மீ. இருக்கும்; இது அதைவிட அகலம். எட்டடி பின்னால், முழங்கால் உயரத்தில் பந்தை எடுக்கிறவனுக்கு ஓரத்தில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச இடம் பெரிய வரம். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் "இந்த பேட் செல்லாதுங்க, அளவு அதிகம்" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். விதிப்படி பேட் எந்த அளவும், எந்த வடிவமும், எந்த எடையும் இருக்கலாம். பிளேடு தட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும்; கனத்தில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவர் சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை.

ஆனால் பெரிய தலைக்கு ஒரு விலை உண்டு. எடை. 88 கிராமுக்குள் வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். வந்ததும் கம்பெனிக்குக் கொண்டுபோய், துணியின் எடை (ஜிஎஸ்எம்) பார்க்கிற தராசில் வைத்தேன். 96 காட்டியது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. ஒரு பக்கம் பிசுபிசுப்பான ஹரிக்கேன் 3 ரப்பர், இன்னொரு பக்கம் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த லாங் பிம்பிள்ஸ் (மேலே நீளமான முட்கள் மாதிரி இருக்கும் ரப்பர்) ஒட்டியதும் 180ஐத் தொட்டது. நான்காவது கேமில் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஸ்பாஞ்ச் இல்லாத லாங் பிம்பிள்ஸுக்கு மாறிப் பத்து கிராமைக் குறைத்தேன். பந்து பேட்டில் தங்குகிற உணர்வு அதனால் போய்விட்டது. கை பழக மூன்று மாதம் ஆனது.

கைப்பிடி நேரானதாக எடுத்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நடு ஆட்டத்தில் பேட்டைத் திருப்பி, பிம்பிள்ஸை ஃபோர்ஹேண்டுக்குக் கொண்டுவருவது எங்கள் பிழைப்பு. அடியில் விரிந்த கைப்பிடியில் அது தடுக்கும்.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. பழைய பிளேடில் பிம்பிள்ஸை அவசரமாக உரித்தபோது பசைத்தாளோடு மேல் மரமும் சிம்பு சிம்பாக வந்துவிட்டது. அந்தப் பயத்தில் இதற்கு ரப்பர் ஒட்டும் முன்பே மெல்லிசாக ஒரு கை வார்னிஷ் பூசினேன். நார்ப்போக்கிலேயே மெதுவாக உரிக்கிறேன். ஐந்து வருடத்தில் ஒரு சிம்புகூடப் பெயரவில்லை. அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய தொல்லை, பஞ்சு. நிட்டிங் யூனிட்டிலிருந்து நேரே ஹாலுக்குப் போனால் சட்டையிலிருந்து பறக்கும் பொடிப்பஞ்சு ஹரிக்கேனின் பிசுபிசுப்பில் நரைமுடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிம்பிள்ஸ் இடுக்கில் புகுந்ததை எடுக்கப் பழைய டூத் பிரஷ் ஒன்று பையிலேயே கிடக்கிறது. ரப்பர் பக்கம் ஈரத்துணியில் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்தால் போதும்.

ஓரத்தில் மட்டும் டேபிளில் இடித்த பள்ளம் மூன்று இருக்கிறது. தாழ்வாகக் கட் போட்டுவிட்டு முன்னால் ஓடிவரும்போது வாங்கியவை. ஓரத்தில் டேப் ஒட்டாமல் ஆடியது என் தப்பு.

அடுத்ததும் இதே பிளேடுதான் என்று முடிவு செய்து, வேறு ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தராசில் வைத்து போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் பணம்.