கூட்டம் யார் பின்னால் போகும்: முந்தியவரா, தரமானவரா?

ஒரே தெருவில் இரண்டு பிரியாணிக் கடை. ஒன்றில் நிற்க இடமில்லை, இன்னொன்றில் ஈ ஓட்டுகிறார்கள். ஊருக்குப் புதியவர் எதில் நுழைவார்? கூட்டம் உள்ளதில்தான். அப்படி நுழைந்து, அரை மணி நேரம் காத்திருந்து, குழைந்த சோறு தின்ற அனுபவம் எனக்கும் உண்டு.

1999-ல் இயற்பியலாளர்கள் பாரபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் கணக்காகப் போட்டது இதைத்தான். வலைப்பின்னலுக்குப் புதிதாக வருபவர், ஏற்கெனவே நிறைய இணைப்பு உள்ளவரோடு ஒட்டிக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். 100 இணைப்பு உள்ள இணையதளத்துக்கு, 10 உள்ளதைப் போல பத்து மடங்கு வாய்ப்பு. பணம் பணத்தோடு சேரும் கதைதான். ஆனால் இதன்படி முதலில் வந்தவரே முன்னால் நிற்க வேண்டும். இணையத்தில் தேட உதவிய தளங்களில் யாஹூ வந்தது 1994, ஆல்டாவிஸ்டா 1995. 1998-ல் வந்த கூகுள் இரண்டையும் எப்படி ஓரங்கட்டியது?

அதற்கு விடை, 2001-ல் பியான்கோனி என்ற ஆய்வாளரும் பாரபாசியும் போட்ட புதுக் கணக்கு. இணைப்பு எண்ணிக்கையோடு 'தகுதி', அதாவது புதியவர்களை இழுக்கும் சொந்தத் திறன், என்ற ஒன்றையும் பெருக்கினார்கள். தகுதி 12, இணைப்பு 10 என்றால் 120. தகுதி 1, இணைப்பு 100 என்றால் வெறும் 100. பின்னால் வந்தவரும் முந்தலாம். ஒரே குறை, தகுதி எவ்வளவு என்பது பெரும்பாலும் ஜெயித்த பிறகுதான் தெரிகிறது. கல்யாணம் முடிந்தபின் பொருத்தம் பார்ப்பது மாதிரி.

இந்த இரண்டு கணக்கையும் உரசிப் பார்க்க எனக்குப் பிடித்த உரைகல், ஆய்வாளர்கள் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006-ல் வெளியிட்ட பாட்டுச் சோதனை. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள்; அவற்றை இணையத்தில் கேட்டு, பிடித்ததைப் பதிவிறக்க 14,000-க்கும் மேற்பட்டவர்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பதே தெரியாது; அவர்கள் ரசனையே தரத்துக்கு அளவுகோல். மற்றவர்களை எட்டு தனித்தனி 'உலக'ங்களில் விட்டு, அந்தந்த உலகத்தின் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். தர வரிசையில் 26-ஆவதாக இருந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40-ஆவது இடம்! மிக நல்ல பாட்டு அடியோடு தோற்றது அபூர்வம். மிக மோசமானது ஜெயித்ததும் அபூர்வம். நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

என் ஓட்டு? தேடுபொறி போல, போட்டதும் பலன் தெரியும் சரக்கென்றால் தகுதிக் கணக்கு. பாட்டுக்குப் பழைய கூட்டக் கணக்கே பொருந்துகிறது. அதே சோதனையில் பாடல்களைக் கலைத்துப் போடாமல் பதிவிறக்க வரிசைப்படி அடுக்கியபோது, முன்னணிப் பாடல்களுக்கும் மற்றவற்றுக்குமான இடைவெளி இன்னும் விரிந்தது. பாட்டு ஒன்றுகூட மாறவில்லை, பட்டியல்தான் மாறியது.