சிறைக்குப் பதில் சிகிச்சை: நியூயார்க் நீதிமன்ற டைவர்ஷன் எப்படி?

அமெரிக்க டிவியில் ஜானி கார்சன் நிகழ்ச்சி வரை போன காமெடியன் ராண்டி கிரெடிக்கோ, 1990-களின் கடைசியில் கைதிகளின் குடும்பங்களோடு ராக்ஃபெல்லர் சென்டர் வாசலில் நின்றார். எதிர்த்தது நியூயார்க் மாநிலத்தின் 1973-ம் வருஷத்துப் போதைச் சட்டமான ராக்ஃபெல்லர் சட்டத்தை. அதற்கு எடைதான் கணக்கு. 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் கொகெய்ன் கையில் இருந்தால் 15 வருஷம் முதல் ஆயுள் வரை. நாலரை அவுன்ஸ் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆந்தனி பாப்பாவுக்கும் அதே தண்டனைதான். ஜட்ஜுக்கு இரக்கம் வந்தாலும் குறைக்க வழியில்லை.

2004-ல் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. பூட்டு திறந்தது 2009-ல்தான். அப்போது வந்த ஏற்பாடுதான் டைவர்ஷன், அதாவது ஜெயிலுக்குப் பதில் போதைச் சிகிச்சைக்கு அனுப்புவது.

இதன் பெரிய பலம், அரசு வக்கீல் 'வேண்டாம்' என்றாலும் ஜட்ஜ் அனுப்பலாம் என்பது. அங்கே பெரிய குற்றங்களை ஏ (மிகக் கடுமையானது) முதல் இ வரை தரம் பிரிக்கிறார்கள். அதில் பி முதல் இ வரையிலான போதைக் குற்றங்களுக்கும் சில திருட்டுக் கேஸ்களுக்கும் பொருந்தும். ஏ வகைக்கு, அதாவது பெரிய எடைக்கு, இடமில்லை. கடந்த 10 வருஷத்தில் வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு அரசு வக்கீல் சம்மதித்தால்தான் உண்டு.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், விசாரணை தொடங்கும் முன், போதைப் பழக்க மதிப்பீடு வேண்டுமென்று வக்கீல் கேட்டாக வேண்டும். அந்த அறிக்கையில் பழக்கம் இருப்பதும், அது குற்றத்துக்கு ஒரு காரணம் என்பதும் தெரிய வேண்டும். பழக்கமே இல்லாமல் வயிற்றுப்பாட்டுக்காக விற்றவர் இங்கேயே கழன்றுவிடுவார். எங்கள் பார்வையில் இதுதான் பெரிய ஓட்டை. அன்று எடைக் கணக்கில் சிக்கிய அதே சின்னக் கூரியர் ஆள்தான் இதிலும் மாட்டுகிறார்.

அடுத்தது, பொதுவாக முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சிகிச்சையை முடித்தால் கேஸ் தள்ளுபடியாகலாம் அல்லது குறையலாம். பாதியில் விட்டால் தண்டனை வரும். வெளிநாட்டவர் இங்கே உஷாராக இருக்க வேண்டும். கேஸ் பின்னால் தள்ளுபடியானாலும், குடியேற்றச் சட்டத்தில் அந்த ஒப்புதல் தண்டனையாகவே நிற்கும். இப்படிக் கடுமையான பின்விளைவு வரும் என்று காட்டினால், ஒப்புதல் இல்லாமலே அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. இதை வக்கீல் ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

ஒருமுறை வழுக்கினால் உடனே ஜெயில் இல்லை. மறுபடி பழக்கத்தில் விழுவது சகஜம் என்று சட்டமே ஒப்புக்கொண்டு, படிப்படியான நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. முடித்த பிறகு பதிவை மூடிவைக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் போலீஸுக்கு அது தெரியும். புதிய குற்றத்தில் கைதானால் மூடியதும் திறக்கும்.