கிரேக்க ஒயின்: எந்த பாட்டிலுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

கிரேக்க ஒயினுக்கு காசு போடலாமான்னு கேட்டா தாராளமா போடலாங்க, ஆனா ஒரு கண்டிஷன். அந்த நாட்டு சொந்த திராட்சையா இருக்கணும், அந்த திராட்சை காலங்காலமா எந்த ஊர்ல வளருதோ அந்த ஊர் பாட்டிலாவும் இருக்கணும். கேபர்நே, மெர்லோ மாதிரி ஃபிரெஞ்சு திராட்சைலயும் அங்க ஒயின் போடுறாங்க, சிலது நல்லாவும் இருக்கு, ஆனா அது உலகம் பூரா கிடைக்குது. அசிர்டிகோ, சினோமாவ்ரோ மாதிரி கிரேக்க திராட்சைங்க அப்படி கிடைக்காது. ஏதென்ஸ், தெசலோனிகி கடைகள்லயும் தீவுகள்லயும் வாங்கி குடிச்சத வெச்சு சொல்றேன், விலையெல்லாம் அங்க கடையில பாத்தது.

முதல்ல சாண்டோரினி தீவு. இங்க அசிர்டிகோ வெள்ளை ஒயின் சுமாரான பாட்டிலே இப்ப 30 யூரோவ ஒட்டி நிக்குது, பேர் பெத்தவங்க பாட்டில்னா அதுக்கும் மேல, விலைய பாத்துட்டு பலபேர் திரும்ப ரேக்லயே வெச்சுடுறாங்க. என்னக் கேட்டா அந்த விலை நியாயம் தான். கிறிஸ்துவுக்கு முன்னாடி 1600 வாக்குல எரிமலை வெடிச்சு தீவு முழுக்க சாம்பலும் நுரைக்கல்லும் மூடிருச்சு, இன்னிக்கு செடி நிக்கிறது அது மேல தான். அந்த மண்ணுல களிமண் கிட்டத்தட்ட இல்லாததால ஃபிலாக்ஸெரா பூச்சி அங்க வாழவே முடியல, 19-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பா தோட்டங்கள எல்லாம் தின்னு தீர்த்த அதே பூச்சி. அதனால மத்த இடத்துல அமெரிக்க வேர்ல ஒட்டு போட்டு வளர்க்கிற மாதிரி இங்க செய்ய வேண்டியதில்ல, செடி தன் சொந்த வேர்லயே நிக்குது, சில வேருங்க நூறு வருஷத்துக்கும் மேல பழசு. மழை ரொம்ப கம்மி, காத்து ஆள தள்ளுற அளவுக்கு அடிக்கும், அதனால கொடிய மேல ஏத்தாம தரையோட தரையா கூடை மாதிரி வளைச்சு வளைச்சு பின்னுறாங்க, கூலூரான்னு பேரு, குலை உள்ளுக்குள்ள பத்திரமா தொங்கும், ராத்திரி கடல்ல இருந்து வர்ற ஈரத்த நுரைக்கல்லு உறிஞ்சி வெச்சு செடிக்கு குடுக்கும். இத மெஷின் வெச்சு அறுக்க வழியே இல்ல, குனிஞ்சு கையால தான். விளைச்சலும் சொற்பம், 2023, 2024 ரெண்டு வருஷமும் வறட்சில இன்னும் அடி வாங்குச்சு, போதாக்குறைக்கு ஓட்டல் கட்டுறதுக்கு நிலம் போய்ட்டே இருக்கு. இந்த தோட்டம் எல்லாம் இன்னும் எத்தன வருஷம் நிக்கும்னு நெஜமாவே கவலையா இருக்கு, வாங்குறவங்க வாங்கினா தான் விவசாயி செடிய பிடுங்காம இருப்பாரு.

டேஸ்ட் எப்படின்னா எலுமிச்சை தோல், உப்பு, அப்புறம் சூடான கல்லுல தண்ணி தெளிச்சா வருமே அந்த வாசனை, கூடவே பல்லு கூசுற புளிப்பு. ஆனா ஆல்கஹால் 13, 14 சதவீதம் இருக்குறதால வாய்ல மெலிசா தெரியாது, கனமா உக்காரும். ஐஸ் மாதிரி ஜில்லுன்னு குடிச்சா எல்லாம் செத்துடும், 10-12 டிகிரி போதும். சுட்ட ஆக்டோபஸ் கூட குடிச்சு பாருங்க, இல்ல அந்த தீவோட மஞ்சள் பருப்பு மசியல், ஃபாவா, அது கூட. ஒரே குறை ஒயின்ல இல்ல, குடிக்கிற இடத்துல. எரிமலை பள்ளத்தோட விளிம்புல சூரிய அஸ்தமனம் பாத்துட்டே டேஸ்டிங்னு ஒரு இடத்துல உக்காந்தேன், கிளாஸ் வெதுவெதுன்னு வந்துச்சு, என்ன வருஷத்து ஒயின்னு கேட்டதுக்கு பதில் சொல்லவும் ஆளில்ல, அடுத்த கூட்டத்துக்கு மேசை வேணும்னு கிளப்பி விட்டாங்க. ஊர் உள்ள தள்ளி, தோட்டம் பக்கத்துலயே இருக்குற சின்ன கனாவா, அதாவது நுரைக்கல்ல குடைஞ்சு கட்டின பழைய ஒயின் குகை, அங்க போங்க, நின்னு பேசுவாங்க.

அதே தீவுல வின்சாண்டோங்கிற இனிப்பு ஒயின் இருக்கு, பாதிக்கு மேல அசிர்டிகோ, கூட ஐதானி, அதிரி திராட்சைங்க, எல்லாத்தையும் வெயில்ல காய வெச்சு பிழிஞ்சு, பீப்பால குறைஞ்சது ரெண்டு வருஷம். அத்திப்பழம், காபி, கேரமல்னு வாசனை வரும், இனிப்பு அதிகம் ஆனா அந்த புளிப்பு விடாம பிடிச்சு நிக்கிறதால திகட்டாது. அரை லிட்டர் பாட்டில் விலை கண்ணக் கட்டும், ஒரு தடவையாவது வாங்குங்க.

ஊர் பேரச் சொல்லி ஒயின் விக்கிறது கிரீஸ்ல நேத்து வந்த பழக்கம் இல்ல. கிரீட் தீவுல வதிபெத்ரோங்கிற இடத்துல மினோவன் காலத்து, அதாவது அந்த தீவோட பழைய நாகரிக காலத்து திராட்சை மிதிக்கிற தொட்டி இன்னும் அப்படியே இருக்கு, மூவாயிரத்து ஐநூறு வருஷ பழசு. தாசோஸ் தீவுல கிறிஸ்துவுக்கு முன்னாடி 5-ஆம் நூற்றாண்டுலயே ஒயினுக்கு கல்லுல சட்டம் பொறிச்சு வெச்சிருந்தாங்க, பழம் கொடில இருக்கும்போதே விலை பேசி வாங்க தடை, தாசோஸ் கப்பல்ல வெளியூர் ஒயின் ஏத்திட்டு வரவும் தடை. கியோஸ், தாசோஸ் தீவுங்களோட ஒயின் ஜாடி கைப்பிடில முத்திரை குத்தி கடல் கடந்து வித்தாங்க, இன்னிக்கு லேபிள் செய்ற வேலைய அன்னிக்கு அந்த முத்திரை செஞ்சுச்சு. விருந்துல கிராடேர்ங்கிற பெரிய பாத்திரத்துல தண்ணி கலந்து தான் குடிப்பாங்க, கலக்காம குடிச்சா காட்டுமிராண்டிங்க பழக்கம்னு சொல்வாங்க, எவ்வளவு தண்ணின்னு முடிவு பண்ண விருந்துக்கு ஒரு தலைவர் வேற.

அந்த ஜாடிக்கு பைன் பிசின் பூசி அடைச்சதுல இருந்து வந்தது தான் ரெட்சினாங்கிற பிசின் வாசனை ஒயின். மத்த இடத்துல எல்லாம் பீப்பா வந்ததும் பிசின் போயிடுச்சு, கிரீஸ்ல மட்டும் அந்த ருசி நாக்குல ஒட்டிக்கிச்சு, இப்ப அலெப்போ பைன் பிசின நொதிக்கும்போது சாறுல போட்டு அப்புறம் எடுத்துடுவாங்க. கிரேக்க ஒயினே டர்பென்டைன் மாதிரி இருக்கும்னு ஒரு பேர் உலகம் பூரா பரவினதுக்கு காரணம், 60, 70-கள்ல டூரிஸ்ட்டுங்களுக்கு ஊத்தின மட்டமான ரெட்சினா, மட்டமான ஒயினோட குறைய மறைக்க பிசின அள்ளி கொட்டினது. அத வெச்சு ஒரு நாட்டோட மொத்த ஒயினையும் எடை போட்டது பெரிய அநியாயம். தெசலோனிகி பக்கம் கெக்ரிஸ் குடும்பம் போடுற 'பைன் மரத்தின் கண்ணீர்' ரெட்சினா வாங்கி பாருங்க, அசிர்டிகோ திராட்சை, பீப்பால நொதிச்சது, பிசின் வாசனை ரோஸ்மேரி, இஞ்சி மாதிரி பின்னாடி தான் வருது. சாதா ரெட்சினா வேணும்னா சோடா மூடி போட்ட அரை லிட்டர் பாட்டில், சில யூரோ தான், நல்லா ஜில்லுன்னு, பொரிச்ச சின்ன மீனு கூட. மீன் இல்லாம தனியா குடிச்சா எனக்கு பிடிக்கல.

நடுவுல ரொம்ப காலம் கிரேக்க ஒயின் கீழ கிடந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டு கடைசில ஃபிரான்ஸ் தோட்டங்கள பூச்சி அழிச்சப்ப அவங்க கிரேக்க உலர்திராட்சைய வாங்கி அதுல ஒயின் போட ஆரம்பிச்சாங்க, கிரீஸோட தெற்கு பகுதியான பெலோபொனீஸ்ல எல்லாரும் இருந்தத பிடுங்கிட்டு அந்த குட்டி கருப்பு திராட்சையே நட்டாங்க, ஃபிரான்ஸ் தோட்டம் திரும்ப தழைச்சு இறக்குமதிக்கு வரியும் போட்டப்ப 1893-ல விலை படுத்துடுச்சு, அதே வருஷம் கிரேக்க அரசாங்கமே திவால், ஜனங்க கூட்டம் கூட்டமா அமெரிக்காவுக்கு கப்பல் ஏறினாங்க. அப்புறம் போர், உள்நாட்டுப் போர். ஊர் பேருக்கு சட்டப் பாதுகாப்பு 1971-ல தான் வந்துச்சு.

அதனால தான் நவூசாவ நினைச்சா எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிரீஸுக்குள்ளயே வடக்குல இருக்குற மாசிடோனியா பகுதி, வெர்மியோ மலையோட கிழக்கு சரிவு, சிவப்பு ஒயின், திராட்சை சினோமாவ்ரோ மட்டும், வேற எதுவும் கலக்கக் கூடாதுன்னு விதி. பூச்சியும் போரும் சேர்ந்து அங்க தோட்டத்த கிட்டத்தட்ட காலி பண்ணிடுச்சு, அத திரும்ப நட்டு தூக்கி நிறுத்தினதுல யானிஸ் பூதாரிஸுக்கு பெரிய பங்கு, 1879-ல தொடங்கின குடும்ப கம்பெனில இருந்தவரு, 1997-ல தனியா கிர்-யானி ஆரம்பிச்சாரு, பின்னாடி தெசலோனிகி மேயராவும் இருந்தாரு, கரடிங்கள காப்பாத்த ஆர்க்டுரோஸ்னு அமைப்பு வெச்சவரும் அவரே தான். ஒயின் கலர் வெளிறிப் போய் இருக்கும், பாத்துட்டு லைட்டான ஒயின்னு நினைச்சு பெரிய மடக்கா குடிச்சுடாதீங்க, துவர்ப்பு வாய கவ்வும். காய்ஞ்ச தக்காளி, ஆலிவ், காய்ஞ்ச ரோஜா வாசனை. இத்தாலி பரோலோ கூட சேர்த்து பேசுறாங்க, பரோலோ விலைல பாதி கூட இல்ல, நல்ல பாட்டில் 15-20 யூரோவுக்கு கிடைக்குது. அஞ்சாறு வருஷம் ஆனத தேடி வாங்குங்க, குடிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஜக்குல ஊத்தி வைங்க, ஆட்டுக்கறி கூட குடிங்க. என் கைல ஒரே ஒரு பாட்டிலுக்கு தான் காசு இருக்குன்னா இது தான் வாங்குவேன், யோசிக்கவே மாட்டேன்.

நெமேயா சிவப்பு, அகியோர்கிடிகோ திராட்சை, இது சுலபமா பிடிச்சுடும், மென்மையா செர்ரி மாதிரி, ஆனா பாட்டிலுக்கு பாட்டில் தரம் எக்கச்சக்கமா மாறுது, கீழ சமவெளில விளையுறதும் மேல உயரத்துல விளையுறதும் ஒரே பேர்ல வர்றதால கடைக்காரர கேட்டு உயரமான தோட்டத்தோடதா வாங்குங்க. மண்டினியா பீடபூமில விளையுற மோஸ்கோஃபிலெரோ திராட்சை வெள்ளை ஒயின் ரோஜாப்பூ வாசனையோட லேசா இருக்கும், மதியத்துக்கு சரி. மலகூசியாங்கிற வெள்ளை ஒயின் திராட்சைய விட்டுடாதீங்க. பேராசிரியர் லோகோதெடிஸ் அழிஞ்சு போக இருந்த அந்த செடிய தேடி எடுத்து வளர்த்தாரு, போர்டோ கராஸ்ங்கிற ஒயின் தோட்டத்துல வேலை பாத்த கெரோவசிலியு அதுல ஒயின் போட்டு பாத்து அசந்து போய் எபனோமில தன் சொந்த தோட்டத்துல நட்டாரு, இன்னிக்கு நாடு பூரா இருக்கு, பீச், துளசி வாசனை. ஒரு சிலர் விடாம பிடிச்சதால மட்டுமே இன்னிக்கு நம்ம கிளாஸ்ல இருக்கு. மாவ்ரோடாஃப்னி இனிப்பு ஒயின்ல மலிவு பாட்டில தொடாதீங்க, வெறும் சர்க்கரை. இனிப்பு வேணும்னா சாமோஸ் தீவு மஸ்கட், 1934-ல இருந்து கூட்டுறவு சங்கம் போடுறது, விலையும் கம்மி.

லேபிள்ல பி.டி.ஓ, அதாவது ஊர் பேருக்கான சட்டப் பாதுகாப்பு முத்திரை இருந்தா ஊரும் திராட்சையும் விதிப்படின்னு அர்த்தம், பி.ஜி.ஐ இருந்தா கொஞ்சம் சுதந்திரம். மலகூசியா மாதிரி நல்ல ஒயின் நிறைய பி.ஜி.ஐல தான் வருது, அதனால அத கீழ்த்தரம்னு ஒதுக்காதீங்க.

டவெர்னாங்கிற கிரேக்க சாப்பாட்டு கடைல உக்காந்தா பீப்பா ஒயின் கிலோ கணக்குல தருவாங்க, அரை கிலோ, கால் கிலோன்னு தான் கேக்கணும், தகர ஜக்குல வரும். இதுல தரம் முழுக்க அந்த கடைக்காரர் கைல இருக்கு, சில இடத்துல அவங்களோட சொந்த தோட்டத்து ஒயினே இருக்கும், பிரமாதம். வெயில் காலத்துல மட்டும் உஷாரா இருங்க, பீப்பா அடிவரைக்கும் போயிருந்தா வினிகர் வாடை வரும். முதல்ல ஒரு வாய் குடுங்கன்னு கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க, பிடிச்சிருந்தா அரை கிலோ சொல்லுங்க.