கறளுக்கு எந்த இலை?

யாழ்ப்பாணத்தில் இரும்புக் கேற் வைத்திருக்கிற எல்லோருக்கும் கறள் ஒரு தலையிடிதான். கடற்காற்றும் உவர்நீரும் விடுவதில்லை. இலைச்சாறு பூசினால் போதும் என்ற பேச்சு இப்போது அடிபடுகிறது. எந்த இலை, எந்த வேலைக்கு என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் பழைய ஆள், குரோமேட்: கறள் பிடிக்காமலிருக்க நீரில் கலந்து வந்த குரோமிய உப்பு. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள ஆறு வலுவுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். நீரில் அதன் அளவு குறைந்தாலோ, உலோகத்தில் அங்கங்கே குழி விழும்.

வேப்பிலையும் மருதோன்றியும் ஆய்வுகூடத்தில் நல்ல பெயர் எடுத்தவை. சாற்றிலுள்ள ஒட்சிசன், நைதரசன் கொண்ட மூலக்கூறுகள் இரும்பின் மேல் ஒட்டி, அமிலத்தை அண்ட விடாது. மருதோன்றியில் கையைச் சிவக்க வைக்கிற லோசோன், இரும்பு அயனையும் கவ்விக்கொள்ளும். ஆகவே என் ஓட்டு அதற்கே. ஆனால் இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஐதரோகுளோரிக் அமிலத்தில் செய்தவை. நாகம் (துத்தநாகம்) பூசுமுன் இரும்பைக் கழுவும் அமிலத் தொட்டிக்குப் பொருந்தும், உங்கள் கேற்றுக்கு அல்ல. சூடு ஏறினால் பிடி தளர்வதும் உண்டு. அப்புறம், சாறு நாலு நாளில் புளித்து நாறும்.

புகையிலை? எங்கள் தோட்டங்களில் தண்டும் காம்பும் சும்மா கிடக்கின்றன, அதன் சாறும் இரும்பு அரிப்பைத் தடுக்கிறது. ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். நிக்கொட்டின் தோலாலேயே உடம்புக்குள் போகும். கழுவி ஊற்றினால் சுண்ணக்கல் வழியே கிணற்றுக்குத்தான் இறங்கும். செடியிலிருந்து வந்ததெல்லாம் சாது இல்லை.

கேற்றுக்கு உருப்படியானது தனின், தேயிலையில் துவர்ப்பைத் தருகிற பொருள். கறள் பிடித்த ஆணியைக் கடும் சாயத் தேத்தண்ணியில் இரவு போட்டு வையுங்கள். காலையில் கருநீலமாகக் கிடக்கும். தனின் கறளோடு சேர்ந்து இரும்புத் தனேற்றாக மாறியதுதான் அந்த நிறம். கடையில் விற்கிற கறள் மாற்றிகள் சிலவற்றிலும் இதே தனிக் அமிலம்தான், பொசுபோரிக் அமிலத்தோடு. தேத்தண்ணி வேடிக்கை பார்க்க மட்டும். கேற்றுக்குக் கடைச் சாமானே சரி. கண்டல் மரப்பட்டையிலும் தனின் நிறைய உண்டு, அதற்காகக் கண்டலை வெட்டப் போகாதீர்கள்.

உதிர்கிற கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுத் தனின் பூசி, காய்ந்ததும் பெயின்ற் அடிக்க வேண்டும். பெயின்ற் இல்லாமல் விட்டால் உப்புக்காற்றுக்கு அது நின்றுபிடிக்காது.

வள்ளத்தின் நங்கூரச் சங்கிலிக்கு இந்த இலை, பட்டை ஒன்றும் சரிவராது. கடல் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்கு நாகம் பூசிய சங்கிலிதான் வாங்க வேண்டும்.