தேக்காவில் பிரியாணிக்குப் பயப்படுகிறவர்கள் டீயைக் கவனிப்பதில்லை

சிங்கப்பூருக்கு மூன்று நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால், முதல் வேளைச் சாப்பாட்டுக்குத் தேக்கா உணவங்காடியைத் தயங்காமல் சொல்லலாம். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டி, புக்கிட் தீமா சாலையும் சிராங்கூன் சாலையும் சேரும் முனையில் இருக்கிறது. 1982-ல் திறந்த கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீனும் ஆட்டிறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். ஏசி கிடையாது, மின்விசிறிதான். மேசையை நாமே பிடிக்க வேண்டும், சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அந்த வட்டாரமே நிரம்பி வழியும். அன்றைக்குப் போவதானால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வியர்வைக்கும் நெரிசலுக்கும் ஈடாகக் கிடைப்பது ஒன்று உண்டு. ஏசி உணவகத்தில் 'செட்' என்று வருவதை அப்படியே சாப்பிட வேண்டியிருக்கும். இங்கே கறியை ஒரு கடையிலும், சூப்பை இன்னொன்றிலும், சோறோ தோசையோ தேவையான அளவு மட்டும் மூன்றாவது கடையிலும் வாங்கி ஒரே மேசையில் சேர்த்துக்கொள்ளலாம். அள்ளிப் போடுவது கண்முன்னே நடப்பதால் "அது போதும்ணே, சோத்தைக் குறைங்க, கறி கூட வைங்க" என்று கை நீட்டிச் சொல்ல முடியும். இந்தியக் கடைகளில் பெரும்பாலும் தமிழே போதும். மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிடுகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வந்தவர்கள் தவறுவது சாப்பாட்டில் அல்ல, பானக் கடையில். சிங்கப்பூரில் 'தே' என்று மட்டும் கேட்டால் வருவது கெட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்) கலந்த டீ. கெட்டிப்பாலில் 100 கிராமுக்கு சுமார் 55 கிராம் சர்க்கரை. ஒரு கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் போட்டால் 22 கிராம் சர்க்கரை வந்துவிடுகிறது. இரண்டு இட்லியின் மாவுச்சத்துக்குச் சமம். இட்லியை எண்ணுகிறவர்கள்கூட இதை எண்ணுவதில்லை. வெயிலில் நடந்து களைத்து ஒரு நாளில் மூன்று தே தாரிக் (நுரை வர ஆற்றித் தரும் அதே கெட்டிப்பால் டீ) குடித்தால், மதியம் பிரியாணியைத் தியாகம் செய்ததற்கு அர்த்தமே இல்லை.

அதனால் சோற்றுக்கடை வரிசையில் நிற்குமுன் நான்கு சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். 'ஓ' என்றால் பால் இல்லை, ஆனால் சர்க்கரை உண்டு. 'சி' என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பால் (எவாபரேட்டட் மில்க்), அதிலும் சர்க்கரை உண்டு. 'கோசோங்' மலாய்ச் சொல், வெறுமை என்று பொருள். சர்க்கரை அறவே வேண்டாம் என்பதற்கு இதுதான். 'சியு தாய்' என்றால் இனிப்பைக் குறைப்பது மட்டும், அதை நம்ப வேண்டாம். எவ்வளவு குறையும் என்பது கலக்குகிறவர் கையைப் பொறுத்தது. ஆக, கருப்புக் காப்பிக்குக் 'கோப்பி ஓ கோசோங்', பால் டீக்குத் 'தே சி கோசோங்'. வெறுமனே 'தே கோசோங்' என்றால் சில கடைகளில் கூடுதல் சர்க்கரையை மட்டும் விட்டுவிட்டுக் கெட்டிப்பாலை ஊற்றிவிடுவார்கள். நடுவில் அந்த 'சி' இருக்கட்டும். இஞ்சி டீயான 'தே ஹாலியா'வும் கெட்டிப்பாலோடுதான் வழக்கமாக வரும். ஆவிப்பாலிலும் பாலின் இயற்கைச் சர்க்கரை உண்டு, ஆனால் ஒரு கோப்பைக்கு மூன்று கிராம் அளவுதான்.

புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் என்ற தரக்குறி இருக்கிறது. 2022 டிசம்பர் 30 முதல் அடைத்து விற்கும் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தருபவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லியில் 1 கிராம் வரை சர்க்கரை இருந்து, இனிப்பூட்டி சேர்க்காமல் இருந்தால் 'ஏ'. 5 கிராம் வரை 'பி', 10 கிராம் வரை 'சி', அதற்கு மேல் 'டி'. நிறைகொழுப்பும் கணக்கில் வரும். உபயோகமான ஏற்பாடுதான், ஆனால் 'பி' என்பதைப் பச்சைக்கொடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 330 மில்லி டின்னில் 'பி'யின் மேல் எல்லைவரை போனால் 16.5 கிராம் சர்க்கரை. எழுத்துக்குப் பக்கத்தில் சர்க்கரையின் சதவீதமும் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். தனிக்கடைகளில் இந்தக் குறி இல்லாமலும் இருக்கலாம். கரும்புச்சாறு பக்கம் போகவே வேண்டாம், ஒரே ஒரு சந்தர்ப்பம் தவிர, அது பின்னால்.

இனி சாப்பாடு. பிரியாணியில் இருந்தே தொடங்கலாம், தேக்காவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். வெந்த பாஸ்மதிச் சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. தட்டில் விழும் சோறு 300 கிராம் என்றால் 84 கிராம். பலருக்கு அது இரண்டு வேளைக்கான அளவு. வாங்கும்போதே பாதிச் சோறு கேளுங்கள். முழுத்தட்டை வாங்கிப் பாதியை மிச்சம் வைப்பேன் என்பது நடக்காத காரியம், பிரியாணி அப்படிப்பட்ட பண்டம். விலை பெரும்பாலும் குறையாது, அதற்குப் பதில் ஒரு துண்டு கறியோ முட்டையோ கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். கூட வரும் தால்ச்சாவில் பருப்பும் கத்தரிக்காயும் இருந்தால் நல்லது, உருளைக்கிழங்கு இருந்தால் ஒதுக்கலாம். ஆட்டுக்கறியையும் வெள்ளரிக்காயையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் ஏற்றம் சற்று மெதுவாக இருக்கும்.

பரோட்டாவின் பிரச்சினை வேறு மாதிரி. ஒரு வெறும் பரோட்டாவில், அதாவது 'பிராட்டா கோசோங்'கில், 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து. எண்ணிப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் மைதா, அதோடு மாவு பிசையும்போதும் வீசும்போதும் சேரும் கொழுப்பு. கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்தால் அளவு நன்றாகவே காட்டும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் ஏறும். "பரோட்டா எனக்கு ஒன்றும் செய்வதில்லை" என்கிறவர்களில் பலர் அந்த நேரத்தில் சோதித்துப் பார்க்காதவர்கள். சாப்பிட்டே ஆக வேண்டுமானால் ஒரு முட்டை பரோட்டா, அதோடு ஒரு கிண்ணம் மீன் குழம்பு. இரவில் வேண்டாம், காலையில் சாப்பிட்டு அதன்பிறகு நடக்கலாம். தோசைக்கு இந்தத் தொல்லை குறைவு. சாதா தோசை ஒன்றுக்குச் சுமார் 25 முதல் 30 கிராம், சாம்பாரை இரண்டாவது முறை கேட்டு வாங்கினால் வயிறும் நிறையும். மசாலா தோசைக்குள் இருக்கும் உருளைக்கிழங்கு தனிக் கணக்கு.

ஆப்பமும் இடியாப்பமும் நம் ஊர் நினைப்பில் வாங்கினால் ஒரு திடுக்கிடல் காத்திருக்கிறது. சிங்கப்பூரில் இவற்றோடு ஆரஞ்சு நிறச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் வைப்பது வழக்கம். கேட்காமலே தூவிவிடுவார்கள். "சர்க்கரை வேண்டாம், முட்டை ஆப்பம் மட்டும்" என்று அடுப்பில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். இடியாப்பத்துக்குக் குழம்பு வேண்டுமானால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்திய ரோஜாக் ஒரு விசித்திரமான நல்ல சந்தர்ப்பம். கண்ணாடிக்குள் அடுக்கியிருப்பதில் நாமே பொறுக்கித் தரலாம். அவித்த முட்டை, தவ்கவா என்கிற கெட்டி தோஃபு, தெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டி, வெள்ளரி, பச்சை மிளகாய் எடுத்தால் அது புரதத் தட்டு. மாவில் தோய்த்துப் பொரித்த சிவப்பு வடைகளும் உருளைக்கிழங்கும் எடுத்தால் மாவுத் தட்டு. இரண்டுக்கும் ஒரே பெயர். குழம்பில்தான் பொறி: சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சர்க்கரையும் சேர்த்துக் கெட்டியாக்கிய இனிப்புச் சாந்து அது. தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள், ஊற்றிக்கொள்ள வேண்டாம். சிவப்பு நிற மீ கோரெங்கில் நூடுல்ஸோடு தக்காளி சாஸும் சர்க்கரையும் சேர்வதால் அதைக் கடந்து போய்விடலாம்.

இருப்பவற்றில் முதலிடம் சூப்புக்குத்தான். 'சூப் காம்பிங்' என்ற ஆட்டுச் சூப்பில், மாவு சேர்த்துக் கெட்டியாக்காத வரை, ரொட்டி ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும்படி மாவுச்சத்து. இரண்டு துண்டு ரொட்டியோடு நிறுத்தினால் ஒரு வேளைக்குப் போதும். சீனக் கடைகளில் மீன் துண்டுச் சூப்பை நூடுல்ஸும் சோறும் இல்லாமல் கேட்கலாம். கீரையும் தோஃபுவும் கிடக்கும், சாப்பிட்ட பின் அளவு ஏறக்குறைய நகராமலே இருக்கும். இரண்டிலும் உப்பு அதிகம். ரத்த அழுத்தமோ சிறுநீரகத் தொல்லையோ உள்ளவர்கள் சாற்றில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுவது நல்லது. வாத்துக்கறிக்கு ஊற்றும் கறுப்புச் சாற்றில் இனிப்பு உண்டு, "சாறு வேண்டாம்" என்றால் வெறும் கறி தருவார்கள்.

ஊசி போடுகிறவர்களுக்கு உணவங்காடியில் உள்ள உண்மையான ஆபத்து வரிசை. பிரியாணிக் கடையில் இருபது நிமிடம் நின்று, முறை வரும்போது தீர்ந்துபோயிருக்கலாம். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற விரைவு இன்சுலினைத் தட்டு மேசைக்கு வந்த பிறகே போடுங்கள். நம் ஊரில் இன்னும் பலர் போடும் 30/70 கலப்பு மனித இன்சுலினுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு என்பது விதி. அதற்கு ஒரே வழி, சாப்பாட்டை முதலில் 'தபாவ்' என்று சொல்லிப் பொட்டலமாக வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்து காத்திருப்பது. பிரியாணி ஆறிப்போகும்தான். விரலைக் குத்துமுன் கைகழுவும் இடத்தில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் ஒட்டிய குழம்போ பழச்சாறோ அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், அதை நம்பிக் கூடுதல் ஊசி போட்டால் விபரீதம்.

அங்குள்ள மருந்துக் கடையில் அளவு சொல்லும்போது மில்லிமோலில் பேசுவார்கள். 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு: 4 என்றால் 72, 7 என்றால் 126, 10 என்றால் 180. இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும் ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. காலை ஏழு மணிப் பலகாரம் உடம்புக்கு விடியற்காலை நாலரை. நீண்ட நேர இன்சுலினை எந்த மணிக்குப் போடுவது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மூவாயிரம் அடி நடக்கிறவர் இங்கே பதினைந்தாயிரம் நடப்பார். கிளிமெப்பிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு அன்றிரவு சர்க்கரை இறங்க வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. படுக்குமுன் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

இறங்கிவிட்டால், அதாவது 70-க்குக் கீழே போனால், 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை. கரும்புச்சாற்றுக்கு அனுமதி உள்ள சந்தர்ப்பம் இதுதான்: ஐஸ் இல்லாமல் அரைக் கோப்பை. தே தாரிக் இதற்கு உதவாது, பாலின் கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். வோக்லிபோஸ், அகார்போஸ் எடுப்பவர்களுக்குக் கரும்புச்சாறும் பயன்படாது. சாதாரணச் சர்க்கரையைக் குளுக்கோஸாக உடைக்கும் வேலையைத்தான் அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரையோ பொடியோ கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்சுலினைக் குளிர்விக்க, தண்ணீரில் நனைத்து வைக்கும் துணிப்பையை நம்பி வருகிறவர்கள் உண்டு. தண்ணீர் ஆவியாவதால்தான் அந்தப் பை குளிர்கிறது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அது மந்தமாகத்தான் நடக்கும், காற்றே புகாத தோள்பைக்குள் வைத்தால் அதுவும் இல்லை. பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு, அந்த ஊர் மதியம் 31, 32 சாதாரணம். அன்றைய பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைபெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். அறைச் சாவி அட்டையை உருவினால் அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் நின்றுவிடுகிறதா என்று வரவேற்பில் கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண் என்று கேட்டால்: தேர்ந்து வாங்கும் சுதந்திரத்துக்குப் பத்துக்கு ஒன்பது, காய்கறிக்கு நான்கு, பானக் கடைக்குச் சொல் தெரிந்தவருக்கு எட்டு, தெரியாதவருக்கு இரண்டு. காய்கறிக்கு நான்குதான் தர முடிவதற்குக் காரணம், பல கடைகளில் கீரையும் பொரியலும் எண்ணெயில் மிதப்பது. அந்தக் குறைக்கு 1947-லிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸ் போன்ற சைவ உணவகங்கள் பக்கத்திலேயே உண்டு. சாப்பாடு கேட்டால் சோற்றை முதலிலேயே குறைத்து வைக்கச் சொல்லிவிட்டு, கூட்டையும் பொரியலையும் மறுபடி கேளுங்கள்.