விண்டோஸ் 11-இல் பழைய 409.1 கேபிள்: ஒரு மதிப்புரை

பழைய ஸ்கோடா ஆக்டேவியா டீசல் காருக்காக, ‘409.1’ என்ற பெயரில் இணையத்தில் விற்கும் யுஎஸ்பி ஸ்கேனர் கேபிளை, அதாவது காரின் கணினியில் பதிவாகும் கோளாறுகளை லேப்டாப்பில் படிக்க உதவும் கேபிளை வாங்கி, விண்டோஸ் 11 லேப்டாப்பில் பயன்படுத்தி வருகிறேன். கேபிள் நன்றாகவே இருக்கிறது. டிரைவரை, அதாவது கேபிளை விண்டோஸ் அடையாளம் காண உதவும் மென்பொருளைச் சரியாகப் போட்டால்தான் அது தெரியவரும்.

ஒரே பெயரில், ஒரே நீல உறையில் வரும் கேபிள்களுக்குள் வெவ்வேறு சிப்கள் இருப்பதால், எந்த டிரைவர் வேண்டும் என்பதை முதலில் கண்டறிய வேண்டும். கேபிளைச் செருகி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடியை (சாதனத்தின் அடையாள எண்) பாருங்கள்: 0403 என்றிருந்தால் எஃப்டிடிஐ, 1ஏ86 என்றால் சிஎச்340, 067பி என்றால் புரோலிஃபிக். அந்தந்தச் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். உடன் வரும் சிடியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிரைவர். டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவரை 64 பிட் விண்டோஸ் மறுக்கும்போது, அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை யாரும் ஏற்க வேண்டாம். அதற்குத் தேவையே இல்லை. போலிச் சிப் மட்டும்தான் உண்மையான தொல்லை. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்ஜியமாக்கிச் செயலிழக்கச் செய்தது. புரோலிஃபிக்கின் பழைய சிப்களையும் புதிய டிரைவர் ஏற்பதில்லை.

என்னிடம் இருப்பது எஃப்டிடிஐ. டிரைவர் அமர்ந்த பிறகும் இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. காரின் தகவல்களைப் படிக்கும் விசிடிஎஸ்-லைட் மென்பொருள் காம் 1 முதல் 4 வரையிலான போர்ட்களை மட்டுமே பார்க்கும் என்பதால், டிவைஸ் மேனேஜரில் கேபிளின் போர்ட் எண்ணைக் குறைத்தேன். அதே பக்கத்தில் 16 மில்லிசெகண்ட் என்றிருந்த லேட்டன்ஸி டைமரை (தரவை அனுப்புமுன் சிப் காத்திருக்கும் நேரம்) 2 ஆக்கினேன். அதன்பின் இன்ஜினுடனான தொடர்பு இடையில் அறுபடவே இல்லை.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் எங்கள் காரில் பிக்கப் விழுந்துவிடும். தம்பி ஓட்ட, நான் மடியில் லேப்டாப்பை வைத்து விசிடிஎஸ்-லைட்டில் 011-ஆம் அளவீட்டுத் தொகுதியைக் கவனித்தேன். இன்ஜின் கேட்கும் டர்போ அழுத்தமும் உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் அதில் அருகருகே தெரியும். ஏற்றத்தில் இரண்டாவது எண் வெகுவாகப் பின்தங்கியது. பதிவாகியிருந்த கோளாறு எண் 17964, அதாவது டர்போ அழுத்தம் குறைவு. இதை சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் உள்ள மெக்கானிக் அண்ணனிடம் காட்டியதும், டர்போவைக் கழற்றாமல் வேக்குவம் (வெற்றிட) ஹோஸ்களை வரிசையாகப் பார்த்தார், ஒன்று வெடித்திருந்தது. ஹோஸை மாற்றியதோடு வேலை முடிந்தது.

கே-லைன் என்ற ஒற்றைக் கம்பி இணைப்பு வழியாக, அதாவது காரில் கேபிளைச் செருகும் 16 பின் சாக்கெட்டின் ஏழாம் பின் வழியாகப் பேசும் பழைய கார்களுக்கு மட்டுமே இந்தக் கேபிள் பொருந்தும். கேன் (CAN) என்ற வேறு வகை இணைப்பை மட்டுமே நம்பும் புதிய கார்களுக்கு இதை வாங்காதீர்கள். வாங்குமுன், உள்ளே இருக்கும் சிப் எது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்; சொல்ல மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.